ஒன்றேமுக்கால் அங்குல டயர்

என் தங்கையின் பி.எம்.எக்ஸ். சைக்கிளில் பின்சக்கர டயர் தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அடையாறில், ஒரு பள்ளி மைதானத்தின் மண்தடத்தில், அவளுக்கு முதல் பந்தயம். வெள்ளிக்கிழமை மாலை அவளுக்குத் தனிவகுப்பு இருந்ததால், டயர் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேண்டியதை அவள் செல்பேசியில் தெளிவாக எழுதி அனுப்பியிருந்தாள்: 20 x 1.75, குமிழ்கள் சிறியவையாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மண் இறுகிய மண்.

குமிழ்களைப் பற்றி எங்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. என் மலைச் சைக்கிளுக்கு நான் தேர்ந்தெடுத்தவை விரல்நுனி அளவுக்குத் தடித்த குமிழ்கள் கொண்ட டயர்கள். கடைகளில் அவற்றைப் பட்டன் டயர் என்பார்கள். மயிலாப்பூரின் தார்ச்சாலைகளுக்கு அவை எதற்கு என்று அவள் கேட்டபோது, எந்த நிலத்துக்கும் அஞ்சாத சக்கரமே சக்கரம் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தாரில் அவை உறுமுகின்றன. இரண்டு மடங்கு மிதித்தால் ஒரு மடங்கு நகர்கின்றன. "அண்ணா, நீ லஸ் முனைல திரும்பும்போதே எனக்கு வீட்ல கேக்குது" என்பாள். ஒன்றரை ஆண்டுகளாகத் தொடைவலியோடு அந்தச் சொற்பொழிவை மிதித்துக்கொண்டிருக்கிறேன். சொன்ன சொல்லிலிருந்து இறங்குவதற்கு எனக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை.

தியாகராய நகரின் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. டயர்கள் கூரையிலிருந்து கொத்துக்கொத்தாகத் தொங்க, உள்ளே ஒருவர் கையை உயர்த்தவும் இடமில்லை. நான்கு பேர் காத்திருந்தார்கள். "இருபது அங்குலம், ஒன்றேமுக்கால்" என்றேன். தசமத்தைத் தமிழாக்கிய அழகில் எனக்கே ஒரு பூரிப்பு.

"பாயிண்டா தம்பி, பையா?" என்றார் கடைக்காரர்.

எனக்குப் புரியவில்லை. புரியாத கேள்வியைச் சிரிப்பொலியால் கடந்துவிடுவது பட்டிமன்ற மேடையில் நான் முதலில் கற்ற வித்தை. "பை வேண்டாம் ஐயா, தோளில் மாட்டிக்கொள்கிறேன்" என்றேன். நால்வரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துவிட்டு விடாமல் கேட்டார்:

"அது இல்லபா. பழைய டயர்ல இன்னா போட்டுக்கீது?"

"ஒன்றேமுக்கால்தான். தமிழில் சொன்னால் டயர் கோபித்துக்கொள்ளுமா?"

இன்னொரு சிரிப்பு. அவர் முக்காலியில் ஏறி, பின்வரிசையிலிருந்து தூசி படிந்த ஒரு டயரை உருவினார். "1 3/4" என்று அதில் பொறித்திருந்தது. குமிழ்கள் சிறியவை, நெருக்கமானவை. அவற்றை மட்டும் நிபுணனைப் போலத் தட்டிப் பார்த்துவிட்டு வெற்றியோடு வெளியேறினேன்.

வீட்டில் அந்த டயர் வெறுங்கையாலேயே சக்கர விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. தங்கை புருவத்தைச் சுருக்கினாள். "இவ்ளோ லூஸா ஏறக் கூடாதே. பழசைக் கழட்டவே ரெண்டு லிவர் வேண்டியிருந்துச்சு." நல்ல ரப்பர் நெகிழ்ந்துதான் கொடுக்கும் என்று விளக்கியபடியே காற்றடித்தேன். ஒரு பக்கம் டயர் விளிம்பை விட்டு மெல்ல எழுந்தது. இடைவெளியில் டியூப் நாக்கைப் போலத் துருத்தியது, பிறகு வெடித்தது.

அவள் பழைய டயரைப் புதியதன்மேல் வைத்தாள். புதியதன் வாய் ஒரு விரலகலம் பெரிது. இரண்டின் பக்கங்களையும் படித்தாள். "இதுல பாயிண்ட் போட்டிருக்கு. இதுல மூணு பை நாலு. ரெண்டும் வேற ரிம்முக்கு."

கடைக்காரரின் கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது: தசமப் பாயிண்டா, பின்னத்தின் பையா? "கடைக்காரர் மாத்திக் கொடுத்துட்டார்" என்றேன்.

"அவர் கேக்கலையா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அந்த நகைச்சுவைக்கு அவள் சிரிக்கவில்லை. டயரைப் பார்த்தபடி கேட்டாள்: "புள்ளின்னு சொல்லியிருக்கலாமே. அதுவும் தமிழ்தானே?"

எந்த எதிரணியும் என்னை அப்படி மடக்கியதில்லை.

சனிக்கிழமை காலை, அந்தச் சந்தைத் தவிர எல்லா இடங்களுக்கும் போனேன். தேனாம்பேட்டையில் கிடைத்தவை தார்ச்சாலைக்கான வழுவழுப்பு டயர்கள். மண்ணில் முதல் திருப்பத்திலேயே சறுக்கும். கே.கே. நகரில் என்னுடையவற்றைப் போன்ற தடித்த குமிழ்கள். இறுகிய மண்ணில் அவை வேகத்தைத் தின்றுவிடும். நண்பகலுக்குள் நகரம் முழுவதும் சுருங்கி அந்த ஒரு கடை மட்டும் மிஞ்சியது.

கடைக்கு எதிர்ப்புறம் நின்று என் தரப்பைத் தொகுத்தேன். முக்காலும் எழுபத்தைந்தும் சமம், இது கணிதம். இரண்டு அளவுகளுக்கு ஒரே பெயர் வைத்தவர்களே குற்றவாளிகள். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் மறுபடி கேட்பது விற்பவர் கடமை. ஆனால் அவர் மறுபடி கேட்டிருந்தார். மற்ற இரண்டிலும் நான் வென்றுவிடலாம். வென்றால் டயர் கிடைக்காது. சனிக்கிழமைக் கூட்டம் முதுகில் நெருக்கித் தள்ள, யோசித்து முடிக்கும் முன்பே கடைக்குள் இருந்தேன்.

"வா தலைவா. பை வாங்க வந்தியா?" என்றார் கடைக்காரர். நேற்றுச் சிரித்த நால்வரில் ஒருவர் இன்றும் அங்கே இருந்தார்.

டயரை நீட்டினேன். அவர் பார்த்தவுடன் புரிந்துகொண்டார். "பாயிண்ட்ல இந்த மாதிரி பொடி பட்டன் நம்மகிட்ட இல்லபா. கோபாலபுரத்துல ஒர்த்தர்கிட்ட கீதான்னு கேட்டுப் பாக்கலாம்." செல்பேசியில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தி என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு. நான் சொல்லி மறுபடியும் தப்பாப் பூடப் போவுது."

மறுமுனைக் குரல் அளவைக் கேட்டது. "இருபது. ஒன்று புள்ளி ஏழு ஐந்து" என்றேன், தங்கைக்குச் செய்யும் மரியாதையாக.

"இன்னாது? புலியா?"

கடையே குலுங்கியது. ஒதுங்கித் திரும்பிக்கொள்ளவும் இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டயர் என் முகத்தில் முட்டியது.

"பாயிண்ட்ணா" என்றேன். "ஒன் பாயிண்ட் செவன் ஃபைவ். நேத்து தப்பா சொல்லிட்டேன்."

மறுமுனையில் இருந்தவரிடம் நேற்று நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நின்று, வேறெங்கோ பார்த்தபடி, சங்கிலி ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

கோபாலபுரத்து டயர், புது டியூபோடு, அன்று மாலை ஏற மறுத்தது. இரண்டு லிவர்களும் நான்கு கைகளும் தேவைப்பட்டன. கடைசி ஓர் அங்குலத்தை அவள் நெம்பியபோது, என் கட்டைவிரல் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

"எடுத்துடாதே" என்றாள், பல்லைக் கடித்தபடி. "எடுத்தா மறுபடி கழண்டுடும்."

எடுக்கவில்லை.