கரி பூசிய வெள்ளிக் கோப்பை

கோழிக்கூட்டுக்கு அடியிலிருந்து கோப்பையை எடுத்து மறுபடியும் குசினிக்குள் கொண்டுவந்தார் மாணிக்கவாசகம். நேற்று அது விறகுக் குவியலுக்குள் கிடந்தது, அதற்கு முன் காலி அரிசிப் பெட்டிக்குள். எங்கே வைத்தாலும் மனுஷனுக்கு இருப்புக்கொள்வதில்லை. வாயில் போட்ட கிழங்கை மெல்லும்போதே எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

"அத ஆத்துல வீசிட்டு வாங்களேன். வெள்ளக்காரன் சாமான ஒளிச்சு வச்சிருக்கோம்னு ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா நம்ம தலதான் உருளும்" என்பாள் மனைவி பூங்காவனம்.

சண்டைக்கு முன் கோல்ஃப் கிளப்பில் துரைமாரின் மட்டைப் பையைத் தூக்கியவர் அவர். வருஷத்துக்கொரு முறை அங்கே பெரிய போட்டி நடக்கும். ஜெயித்தவன் பெயரை இந்த வெள்ளிக் கோப்பையில் வெட்டுவார்கள். ஜப்பான்காரன் நெருங்கிவர, துரைமார் அலறியடித்துக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிய அன்று, அநாதையாய்க் கிடந்த கோப்பையைச் சாக்கில் சுற்றி காஜா பேராங்கிலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மைதானத்தில் இப்போது மரவள்ளி நட்டிருக்கிறார்கள். இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

"ஆட்டம் நின்னா மறுபடி ஆடிக்கலாம் புள்ள. கப்பு போச்சுன்னா எதுக்காவ ஆடுறது?"

"ஒங்க பேரு அதுல எங்கங்க இருக்கு?"

துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இன்று போக முடியவில்லை. தெருவில் ஜப்பான் சிப்பாய்களின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வீடு வீடாகச் சோதனை. கோப்பை குசினி நடுவில், ஒளிக்க நேரமில்லை. இவருக்குக் கைகால் ஓடவில்லை. பூங்காவனமோ சட்டிக் கரியை வழித்து அதன்மேல் அப்பினாள், அடுப்போரம் வைத்தாள், கிழங்குக் கஞ்சியை அதில் ஊற்றினாள். அம்மாடி, என்ன வேகம்!

சிப்பாய் நுழைந்து பெட்டியை உதைத்தான், பாயை உதறினான். பிறகு கஞ்சியைப் பார்த்தான். அவனுக்கும் பசிதான் போலும். கோப்பையை இரண்டு காதுகளிலும் பிடித்துத் தூக்கி, நின்றபடியே மடமடவென்று குடித்தான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவன் அப்படித் தூக்கிக் குடிக்கும்போது பை தூக்கிகள் வரிசையாய் நின்று கைதட்டவேண்டும். வருஷா வருஷம் தட்டிப் பழகிய பாழாய்ப்போன கைகள்! மாணிக்கவாசகம் தம்மை அறியாமல் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

சிப்பாய் கோப்பையைத் தாழ்த்தி முறைத்தான். அவன் விரல் பட்ட இடத்தில் வெள்ளி மின்னியது.

"சனியன் புடிச்ச ஈ!" என்று கத்தினாள் பூங்காவனம். காற்றில் கைதட்டித் தட்டி, இல்லாத ஈயைத் துரத்திக்கொண்டு சிப்பாயின் மூக்கு வரை போய்விட்டாள். அவன் எரிச்சலுடன் கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

அவள் சுவரில் சாய்ந்தாள். கையிலிருந்த கோப்பையைத் தூக்கி மிச்சக் கஞ்சியைக் குடித்தாள்.

மாணிக்கவாசகம் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் முன் விறைப்பாக நின்று, சத்தமே வராமல் கைதட்டினார்.