குளத்தில் ஒரு வாத்து

எங்கள் பதிப்பகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாத்து அக்கா என்றால்தான் தெரியும். சின்னப் பிள்ளைகள் எண்ணிப் பழகுகிற படப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர். முயல், தவளை, பலூன் எல்லாம் வரைவார்; ஆனால் அவர் வரைந்த வாத்து பக்கத்தைவிட்டு இறங்கி நடந்து வந்துவிடும்போல இருக்கும். அந்தப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்குகிற வேலை எனக்கு. என் வாயிலிருந்து பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரி என்று ஆபீஸில் சொல்வார்கள். அதனால் நான் சொன்னால் நம்பலாம்.

எண்ணுகிற புத்தகத்தில் என்ன பெரிய வித்தை, ஐந்துக்கு ஐந்து பூ போட்டால் முடிந்தது என்பவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். ஓரத்தில் அழகுக்கு ஒரு மொட்டு வைத்தால் பிள்ளை அதையும் எண்ணும். வரைந்தவர் கண்ணுக்கு அது படாது. ஐந்து வரைந்தேன் என்று நினைப்பவருக்கு ஐந்துதான் தெரியும். தன் முதுகு தனக்குத் தெரியுமா? அதனால் வரைந்தவர் எண்ணக் கூடாது, வேறொருவர்தான் விரல் வைத்து எண்ண வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கட்டாயம்.

அக்காவுக்கு அந்த விரல் அவருடைய வீட்டுக்காரருடையது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை பக்கங்களை வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது நேரிலேயே பார்த்தேன். மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் மேஜை, அதற்கு இரண்டு நாற்காலி. மாமா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பின் சீட்டிலிருந்து எண்ணித்தான் அவருக்குப் பழக்கமாம். ஒவ்வொரு தவளையின் தலையிலும் தட்டித் தட்டிச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தவர் ஆறாம் பக்கத்தில் நின்றார். 

"இந்தக் குளத்துல டிக்கெட் எடுக்காம ஒருத்தர் உக்காந்திருக்காரு."

"எங்க? ஆறுதான வரைஞ்சேன்?"

"இலைக்குக் கீழ பாரு."

"அது கல்லுங்க!"

"உனக்குக் கல்லு. ரெண்டு வயசுப் பிள்ளைக்குத் தவளை. எறங்கச் சொல்லு."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே கல்லை அழித்தார். பிள்ளை இல்லாத வீடு அது. பிள்ளைகளின் புத்தகத்தை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா எடுத்துக்கொண்ட முதல் புத்தகம் முழுக்க வாத்துகள், ஒன்றிலிருந்து பத்துவரை. எண்ணுவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் முதலாளி. "நானே எண்ணிக்கறேன்" என்றார் அக்கா. அந்தக் குரலுக்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

அச்சுக்கு முன்னால் பக்கத்துத் தெரு மழலைப் பள்ளியில் பக்கங்களைக் காட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். முதல் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். முன்னால் இருந்த சிறுமி வாத்தின் மேல் விரல் வைத்து "ஒண்ணு" என்றாள். விரலைத் தண்ணீருக்கு இறக்கி "ரெண்டு" என்றாள். வகுப்பே சேர்ந்துகொண்டு ரெண்டு, ரெண்டு என்று கத்தியது. அப்போதுதான் நானும் கவனித்தேன். தண்ணீரில் அந்த வாத்தின் நிழல், கண்ணும் அலகும் அப்படியே, தலைகீழாக இருந்தது. மற்ற எந்தப் பக்கத்திலும் நிழல் கிடையாது.

முதலாளி கையைப் பிசைந்தார். "அடுத்த வாரம் அச்சு. ஒண்ணாம் பக்கம் சரியா வரலேன்னா மொத்தப் புத்தகத்தையும் வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியதுதான். நீயே போய்ப் பக்குவமா சொல்லிட்டு வா."

பக்குவத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். போனேன். மேஜைக்கு இரண்டு நாற்காலியும் அப்படியே போட்டிருந்தது. நான் எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே சொன்னேன்.

அக்கா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அவ்வளவு பெரிய குளத்துல அதைத் தனியா விட மனசு வரல தம்பி. நிழலாவது துணைக்கு இருக்கட்டுமேன்னு விட்டேன். அவர் இருந்தா அப்பவே எறக்கி விட்டிருப்பாரு."

"மாத்திக் குடுத்திடுங்கக்கா, போதும்."

"குடுக்காம? இந்த வேலையும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? விடிஞ்சா இதுங்ககிட்டதான பேசறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவே பக்கத்தோடு ஆபீஸுக்கு வந்தார். வெறும் குளம். நிழல் இல்லை, நாணல் இல்லை, மேகம்கூட இல்லை. நடுவில் வாத்து மட்டும்.

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "சரியாத்தான்மா இருக்கு. ஆனா பாக்கவே பாவமா இருக்கே. பக்கத்துல ஒரு பூவாவது போடக் கூடாதா?"

"போட்டா அதையும் எண்ணும் சார். ஒண்ணுன்னா இப்படித்தான் இருக்கும்."

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். அச்சுக்கு அனுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். பின்பக்கம் கடித்துக் கடித்துத் தேய்ந்த பழைய பென்சில். யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எண்ணு தம்பி. சத்தமா, பின்னாலேருந்து. நான் பாக்க மாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டார். நான் பத்தாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வாத்தின் தலையிலும் தட்டி எண்ணிக்கொண்டு வந்தேன். பக்கம் திரும்பத் திரும்ப எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக அந்தக் குளம்.

"ஒண்ணு" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "டிக்கெட் எடுக்காம வேற யாரும் இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லு."

குனிந்து தண்ணீர் முழுக்கத் தேடினேன். யாராவது இருந்துவிட மாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

"யாரும் இல்லக்கா."