அட்டைக்கடிக்கு மருந்து கேட்ட அக்கா

இதை யாருக்கும் காட்டாதீர்கள், முக்கியமாக எங்கள் அண்ணனுக்கு.

சிங்கராஜா காட்டுக்குப் போகிறவர்களுக்காக அம்மா தைக்கும் லீச் சாக்ஸுக்கு, அதாவது அட்டை ஏறாமல் தடுக்கும் நீளக் காலுறைக்கு, அண்ணன் இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறான்.

இன்று ஒரு அக்கா அதைப் பார்த்து எங்களுக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, அட்டை கடிச்சு ரத்தம் நிக்கல, மருந்து இருக்கா?"

"சாக்ஸ்தான் இருக்குங்க."

"கடிச்ச பெறகு சாக்ஸ் எதுக்கு?"

அண்ணன் விளம்பரத்துக்கான தேடல் சொல்லை பிராட் மேட்ச்சில் வைத்திருந்தான். அட்டையைப் பற்றி எதைத் தேடினாலும் எங்கள் விளம்பரம் வந்து, யாராவது அதை அழுத்தும்போதெல்லாம் காசு கரைந்தது. 'லீச் சாக்ஸ்' என்று தேடுபவருக்கு மட்டும் காட்டும்படி அண்ணனுக்குச் சொல்லாமல் எக்ஸாக்ட் மேட்ச்சுக்கு மாற்றினேன். அதோடு போன் அடிப்பதே நின்றுவிட்டது.

காட்டுக்குப் போகிறவர்கள் என்ன சொல்லைத்தான் தட்டுவார்கள்? நீங்கள் என்ன தட்டுவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், அண்ணன் கதவைத் தட்டுகிறான்.

"பாப்பா, போன் ஏன் அடிக்கவே இல்ல? எதையாச்சும் நோண்டி—