டவுன் பஸ்ஸில் மடி மாறிய மகள்

தினமும் புதிதாக ஏதாவது ஒன்றைச் செய்து பார்ப்பது என்று கிளம்பியிருக்கிறேன் அல்லவா? இதுவரை எல்லாமே அடுப்படிக்குள்தான் நடந்தது. புதுப் பொரியல், புதுச் சட்னி, அவ்வளவுதான்.

இன்று காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வரும் டவுன் பஸ்ஸில் காலூன்றக்கூட இடமில்லை. இடுப்பில் மூன்று வயது மகள்.

உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கையை நீட்டினார்.

"பிள்ளைய இங்கன குடு ஆத்தா. எம்புட்டு நேரம் சுமப்ப?"

வழக்கமாக, "இருக்கட்டும்க்கா" என்று சொல்லி இன்னும் இறுக்கிக்கொள்வேன். முன்பின் தெரியாதவர் மடியில் அவளை உட்கார வைத்ததே இல்லை. இன்று கொடுத்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்த அக்கா ரோட்டில் நடந்து போகிறார். கையில் பை மட்டும்.

"ஐயோ, என் பிள்ளை!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

முன் சீட்டிலிருந்து ஒரு குரல்: "ஏத்தா, எதுக்கு இந்தக் கூப்பாடு? அவுக எறங்கயில எங்கிட்ட குடுத்துட்டுல்ல போனாக!"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "பிள்ளையக் குடுத்தா வண்டி நிக்கிற வரைக்கும் மடி மாறி மாறி வரும். ஊருக்குப் புதுசா?"

பிறந்ததே இங்கேதான்.

கம்பத்தில் நான் முதலில் இறங்கினேன். மகளை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். வாய் நிறையக் கடலை மிட்டாய்.

"பயந்துட்டியாடா?" என்றேன்.

"இல்ல. நீ ஏம்மா பஸ்ல கத்துன?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அம்மாக்கள் யாராவது கமெண்டில் சொல்லுங்கள். அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.