கணப்படுப்பில் வைத்த விளக்கு

சட்டியில் செத்தல் மிளகாய் கறுக்கத் தொடங்கும்போது கிளம்பும் நெடிதான் எனக்கு அந்த மாளிகையின் வாசனை. அம்மா கறித்தூள் வறுக்கும் சனிக்கிழமைகளில் அது கூடத்தைக் கடந்து, அகன்ற மாடிப்படிகளில் ஏறி, மேலே தனியாக இருந்த மிஸிஸ் நோராவை இருமவைக்கும். அவர் இருமிக்கொண்டே இறங்கிவந்து, யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, எங்கள் சமையலறையில், நாங்கள் சொல்லும் ‘குசினி’யில், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேநீர் கேட்பார். ஒருநாளும் கோபித்ததாக நினைவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்த அப்பா, அம்மா, சிறுமியான நான் ஆகிய எங்கள் மூவருக்கும் அந்த மாளிகையின் கீழ்த்தளத்தில் ஒரு துண்டு வாடகைக்குக் கிடைத்தது. நகரத்தில் பணம் புரண்ட காலத்தில் கம்பளி வியாபாரி ஒருவர் கட்டிய வீடு என்றும், அவர் நொடித்துப்போனபின் கைமாறிக் கைமாறி, கடைசியில் பலகைத் தடுப்புகள் அடித்துத் துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார்கள் என்றும் மிஸிஸ் நோரா சொல்வார். எங்கள் குசினி ஒரு காலத்தில் நடன மண்டபமாம். உட்கூரையில் சிறகு முளைத்த குழந்தை ஒன்றைத் தீட்டியிருந்தார்கள். தடுப்புப் பலகை அதன் இடுப்போடு போனதால் தலையும் சிறகும் எங்களுக்கு, கால்கள் பக்கத்துப் பிளாட்டுக்கு. இலங்கையில் எஞ்சினியராக இருந்த அப்பா டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கடிதம் எழுதும்போது, “வேலையை விடு, விலாசத்தைப் பார். மாளிகை!” என்று சிரிப்பார்.

அந்த மண்டபத்தின் ஒரு சுவரில் வெள்ளைச் சலவைக்கல்லில் இழைத்த பெரிய கணப்படுப்பு இருந்தது. புகைபோக்கி அடைபட்டுப்போனதால் அதில் யாரும் நெருப்பு மூட்டுவதில்லை. கிழக்குப் பார்த்த மாடம், தலைக்கு மேலே கல் வளைவு, முன்னால் கல் மேடை. அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? வந்த கிழமையே அதைக் கழுவித் துடைத்து, பிள்ளையார் படத்தை வைத்து, சலவைக்கல்லில் சந்தனமும் குங்குமமும் இட்டு, குத்துவிளக்கை ஏற்றிவிட்டார். நல்லெண்ணெய் கிடைக்காத ஊர் என்பதால் இத்தாலியர் கடை ஒலிவ் எண்ணெய் எரிந்தது. “விளக்கு வைக்காட்டி பிறகு அது என்ன வீடு?” என்பார். பொழுதுபட விளக்கு எரியும்போது, மிஸிஸ் நோரா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.

பிறகு ஒருநாள் வீட்டுக்காரர் மாளிகையை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் செய்தி வந்தது. அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. ஒரு நாட்டை விட்டு வந்து, மொழி பிடிபடாத ஊரில் மெல்லக் காலூன்றிய இடம் அது. இன்னொருதரம் பெட்டி கட்ட அவருக்குத் தெம்பில்லை. மிஸிஸ் நோராவுக்கோ போக்கிடமே இல்லை. எல்லாப் பிளாட்காரரும் முன்வாசல் படலையில் கூடி நின்றோம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தார் வந்து எங்களோடு நின்றார்கள். கட்டடத் தொழிலாளர்களும் இதை இடிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மா கட்லட் பொரித்துக் கொடுத்தே போராடினார். “வீட்டைக் காப்பாத்தினா நாங்களும் இருக்கலாம்தானே” என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவும் “ஓம், ஓம்” என்றார். எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

வீட்டின் பழமைப் பெறுமதியை மதிப்பிடச் சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி வருவதாக அறிவித்தார்கள். மற்றப் பிளாட்காரர்கள் ஆணியடித்த சுவர்களைப் படங்களால் மறைத்தார்கள், தரையில் சிந்திய பெயின்ரைக் கம்பளத்தால் மூடினார்கள். அம்மா எதையும் மறைக்கவில்லை. வீட்டை நன்றாக வைத்திருக்கிறோம் என்று காட்ட வேண்டாமா? விளக்கைப் புளி போட்டு மினுக்கி, பகல் வேளையிலேயே ஏற்றிவைத்து, சந்தனத்தைப் புதிதாக இட்டு, வந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கணப்படுப்பின் முன் நிறுத்தினார். “எவ்ரி டே, எவ்ரி டே” என்றார் பெருமையாக. அந்தப் பெண்மணி குனிந்து, கல்லில் ஊறியிருந்த எண்ணெயை விரலால் தொட்டார். வளைவில் படிந்திருந்த புகையைப் பார்த்தார். நல்ல மனிதர், அம்மாவின் தேநீரையும் குடித்தார். போகும்போது மட்டும் அவருடைய முகம் வந்தபோது இருந்ததுபோல் இருக்கவில்லை.

மாளிகை தப்பியது. இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டு, அது சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. படலையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். சில வாரங்களில் அந்தப் பெண்மணியே வந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். சமையல் ஆவியும் விளக்குப் புகையும் எண்ணெயும் வீட்டைக் கெடுக்கின்றன. வியாபாரி கட்டியபடியே அதைத் திருத்தப் போகிறார்கள். ஆகவே குடியிருப்பவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும்.

எப்படியும் எங்களை வீட்டைவிட்டு எழுப்பித்தான் இருப்பார்கள், பலகைத் தடுப்புக்குள் ஆட்களை வைத்துக்கொண்டு யார் மாளிகையைத் திருத்துவார்கள் என்று அப்பா எத்தனையோ தரம் விளக்கினார். அம்மா கேட்கவில்லை. “நான்தானே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினனான்” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். மிஸிஸ் நோரா எங்கோ தூரத்தில் ஒரு முதியோர் விடுதிக்குப் போய், அடுத்த குளிர்காலத்தைக் காணாமல் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அம்மா அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அந்த மௌனம்தான் இன்றுவரை வலிக்கிறது. ஒரு மனுஷி தன் வீட்டை நேசித்ததைக் குற்றமென்று நம்பிக்கொண்டே கிழவியானார்.

இப்போது நாங்கள் மெல்பேர்னின் விளிம்பில், ரோவிலில் இருக்கிறோம். அப்பா இல்லை. சென்ற இளவேனிலில், மாளிகையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கிறார்கள் என்று அறிந்து அம்மாவைக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

தடுப்புப் பலகைகள் இல்லை. கூரைக் குழந்தைக்குக் கால்கள் திரும்பக் கிடைத்திருந்தன. சலவைக்கல் பால்போல வெளுத்திருந்தது. அதற்கு முன்னால் சிவப்புக் கயிறு. எங்கள் அடுப்பு இருந்த மூலையில் யாரும் வாசிக்காத பியானோ ஒன்று நின்றது. வழிகாட்டி ஓர் இளம்பெண். வியாபாரியின் கதையை, அவர் மனைவியின் விருந்துகளை, விருந்தில் கொடுத்த பானத்தின் பெயரைக்கூடச் சொன்னாள். அதன்பிறகு, “பல வருடங்கள் இந்த வீடு கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. நல்லவேளையாக, சரியான நேரத்தில் மீட்டெடுத்தோம்” என்று முடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாயெடுப்பதற்குள் அவள் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்து, இங்கே முன்பு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

“நோ, நோ. ஃபர்ஸ்ட் டைம்” என்றார் அம்மா, அவசரமாக.

நாங்கள் அங்கே குடியிருந்தோம் என்று சொல்ல உலகத்தில் இரண்டே பேர் மிச்சம். ஒருவர் இல்லையென்றுவிட்டார். மற்றவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.