பாலைமரத்துக்கு விட்ட மூலை

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வட்டக்கச்சிக்குக் குடியேறி வந்தபோது எனக்கு எட்டு வயது. குடியேற்றத் திட்டத்தில் வாய்க்கால் நேர், தெரு நேர், காணிகள் எல்லாம் நீள்சதுரம். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நில அளவையாளர் ஒருவருக்குச் சங்கிலி பிடித்துப் பழகியவர் அவர். சோற்றுக் கோப்பையைக்கூடப் பாயின் விளிம்புக்கு நேராகத்தான் வைப்பார்.

எங்கள் காணியில் அவருக்கு அடங்காமல் நின்றது ஒரு பாலைமரம். முறுக்கி முறுக்கி வளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓலைக் கொட்டிலில் நாங்கள் வெந்துபோன அந்த முதற் கோடை முழுவதும் அம்மா தம்பியைத் தூங்கவைக்கும் ஏணையை அதன் கொப்பில்தான் கட்டினார்.

கல்வீடு கட்டுவதற்கு அப்பா சதுரக்கோட்டுக் கொப்பியில் படம் வரைந்தார். முளைகள் அறைந்து கயிறு பிடித்தபோது, சமைக்கும் குசினியின் மூலை நேரே மரத்தின் மேல் போய் விழுந்தது; அந்த முளையை மரத்தடியை ஒட்டித்தான் அறைய முடிந்தது. வீட்டைத் தள்ளவும் வழியில்லை. முன்னால் தெரு, பின்னால் கிணறு.

“மரத்தைத் தறிக்கவேணும்” என்றார் அப்பா.

“தறிச்சால் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போறன்” என்றார் அம்மா.

அதன்பின் மூன்று நாள் அவர்களுக்குள் கதை இல்லை. அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவதும் என் வேலையாயிற்று. அம்மா உண்மையாகவே போய்விடுவார் என்று பயந்தேன். நாலாம் நாள் மத்தியானம் அப்பா வாய்க்காலுக்குக் குளிக்கப் போன நேரம், மூலை முளையைப் பிடுங்கி நாலடி உள்ளே தள்ளி நட்டேன்.

திரும்பி வந்தவர் தன் முடிச்சுக் கயிற்றை விரித்தார். மூலை சரியான சதுரமாக இருந்தால்தான் அதன் முடிச்சுகள் முளைகளில் பொருந்தும். பொருந்தவில்லை.

“ஆர் முளையைப் பிடுங்கினது?”

“நான்தான்” என்று சொல்லிக்கொண்டு அம்மா வெளியே வந்தார். அவர் கைகளில் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. மண் இருந்தது என் நகங்களில். கைகளைப் பாவாடைக்குள் ஒளித்தேன். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் இருந்தார். பொழுதுபடும்வரை அழித்து அழித்து வரைந்தார்.

மறுநாள் மரம் தறிக்க வந்தவரைத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் தளர்வாகச் சுற்றிக் கட்டி, மறு நுனியில் கூரான தடியொன்றை முடிந்தார். மரம்தான் கவராயத்தின் முள். அதைச் சுற்றி மூலையை உள்ளே வளைத்துவிட்டால் வீடும் நிற்கும், மரமும் நிற்கும்.

சுவர் கட்ட வந்து பார்த்துக்கொண்டு நின்ற மேசன் தலையைச் சொறிந்தார். “மண்கல்லு வளையாதே, ஐயா.”

“கல்லு வளையத் தேவையில்லை. ஒவ்வொண்டையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி வையும்.”

சொல்லிவிட்டுத் தடியை என்னிடம் தந்தார். “இறுக்கிப் பிடி பிள்ளை. முளையைப் போலை இதையும் நாலடி உள்ளுக்குக் கொண்டுபோகாதை.”

வாசலில் நின்ற அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு, கயிறு தளராமல் இழுத்துப் பிடித்து மண்ணில் கால்வட்டம் கீறிக்கொண்டு நடந்தேன்.