குழாயடியில் கற்ற மொழி

மருத்துவமனைப் பதிவேட்டின்படி அவள், “சலவைப் பிரிவு ஊழியர். தெரிந்த மொழி: ஒன்று.” அங்குள்ள மொழிபெயர்ப்பாளரோ, “இரு மொழிகளிலும் சரளம், பதக்கம் பெற்றவர்.” பதக்கம் வாங்கிய பிறகு இந்த இருபது வருஷத்தில் அவர் அந்த இரண்டாவது மொழியில் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவளுக்கோ அந்த மொழிக்காரி ஒருத்தி ஓரகத்தியாக வாய்த்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாகக் காலைதோறும் குழாயடியில் சண்டை. திருப்பிக் கொடுப்பதற்கென்றே கற்றுக்கொண்ட மொழி. சண்டைக்கு ஒருநாளும் விடுமுறை இல்லாததால் மறக்க வழியில்லாமல் போயிற்று.

அன்று சலவை விரிப்புகளோடு அறுவை அறை வாசலுக்கு வந்தாள். தள்ளுகட்டிலில் கிடந்த பெண் கையை உதறி உதறி அழுதுகொண்டிருந்தாள். மருத்துவர் ஊசியும் கையுமாக நின்றார்.

“என்ன சொல்றாங்க?”

மொழிபெயர்ப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “வந்து... ஊசின்னா பயமாம்.”

அழுகைக்கு நடுவே சலவைக்காரியின் காதில் விழுந்த சொல் ‘பயம்’ இல்லை, ‘மூச்சு’. வாயைத் திறந்தால் தன் வேலை போகும். தப்பாகச் சொன்னால் அந்தப் பெண்ணின் உயிர் போகும். சும்மா இருந்தாலும் போகலாம்.

“டாக்டர், கொஞ்சம் இருங்க.”

“நீ யாரும்மா?”

“துணி... துணி கொண்டுவந்தேன்.”

ஊசி தோலருகே போனது. அவள் மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

அந்த மொழியில் மரியாதையாகப் பேச அவளுக்குத் தெரியாது. ஓரகத்தியிடம் அதற்கு வேலை ஏது? “ஏண்டி இந்த ஒப்பாரி? வாயத் தொறந்து ஒழுங்காச் சொல்லித் தொலை!” என்றுதான் வந்து விழுந்தது.

அழுகை சட்டென்று நின்றது. கட்டிலில் கிடந்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பொரிந்து தள்ளினாள். குழாயடி போலவே ஒரு சொல் தவறாமல் புரிந்தது.

“போன பிரசவத்துல சீழ் பிடிக்காம இருக்க ஒரு ஊசி போட்டாங்களாம், டாக்டர். தொண்டை அடைச்சு மூச்சே நின்னுருச்சாம். மறுபடி அதையே போட்டுக் கொல்லப்போறியான்னு என்னைத் திட்டுறா.”

“நல்லாத் தெரியுமா?”

“திட்டுனா ஒரு சொல்லும் எனக்குத் தப்பாது, டாக்டர்.”

மருத்துவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். அதே வகைதான். கீழே வைத்துவிட்டு வேறு மருந்து கொண்டுவரச் சொன்னார். அறுவை முடிந்து சாயங்காலம் அந்தப் பெண் கண் விழித்தாள்.

சலவைக்காரி செய்தது இவ்வளவுதான்: ஒரு கையைத் தடுத்தாள், ஒரு கேள்வி கேட்டாள், கிடைத்த பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.